ஆபத்து வாணங்களும் அவற்றைக் காணும் கண்களும்

சென்ற ஐப்பசியில், கொச்சியில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகன் ஒரு பழைய பாய்ப்படகை விலைக்கு வாங்கினான். இருபத்தைந்தடி நீளமுள்ள அந்தப் படகின் பாய், மரம், சுக்கான், நங்கூரம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி முடித்தபின், படுக்கைப் பலகையின் அடியிலிருந்து ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை இழுத்துத் திறந்து, “மாமா, இதெல்லாம் இன்னும் எரியுமா?” என்று கேட்டான். உள்ளே ஆறு குழாய்கள் கிடந்தன. கட்டைவிரலைவிடச் சற்றுத் தடித்தவை நான்கு, சிறு பிள்ளையின் மணிக்கட்டளவு பருத்தவை இரண்டு. ஒன்றைக் கையிலெடுத்தேன். மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த நாடா பிசுபிசுத்து விரலோடு வந்தது. அடிப்பாகத்துத் தகரத்தில் துரு ஏறியிருந்தது. உறையின் விளிம்பில் உப்புப் பூத்தாற்போல வெண்பொடி கசிந்திருந்தது. 2016ஆம் ஆண்டோடு இதன் காலம் முடிந்தது என்று மங்கிய எழுத்தில் அச்சிட்டிருந்தது.

பாலக்காட்டுச் சித்தூரில் பிறந்து குமுளியில் குடியேறியவன் நான். நீர்ப்பரப்பு என்றால் எனக்கு மலம்புழை அணையும் தேக்கடி ஏரியும்தான் நினைவுக்கு வரும். ஆயினும் அவன் கேட்ட கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. கடலிலோ ஏரியிலோ சிறு படகில் செல்பவன் ஆபத்து வேளையில் உதவியை அழைப்பதற்கு எதைக் கையோடு வைத்திருக்க வேண்டும், அதை எப்படித் தேர்ந்து வாங்க வேண்டும், எத்தனை ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும், மாற்றிய பின் பழையதை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று சில மாதங்கள் விசாரித்தும் படித்தும் பார்த்ததில், இவ்விஷயம் ஒரு கடைச்சரக்கைப் பற்றியது மாத்திரமன்று என்ற தீர்மானத்துக்கு வந்தேன். எரிகிற ஒளி எவ்வளவு பிரகாசமானது என்பதைக் காட்டிலும், அதை யார் காணப்போகிறார், கண்டவர் அதற்கு என்ன அர்த்தம் கொள்வார் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

துறைமுகத்துக் கடைகளில் இவற்றை ‘ஃபிளேர்’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். நம் கண்ணுக்குப் பழகிய பொருள்களைக் கொண்டு சொல்வதானால், இவை வாணம், மத்தாப்பு, புகைக்குடுக்கை என மூன்று ஜாதி. வாணம் என்பது குழாயை வானத்தை நோக்கிப் பிடித்து இயக்கியவுடன் மேலே பாய்ந்து, உச்சியில் சிறு குடை விரித்து, சிவப்பு ஒளியோடு மெதுவாக இறங்குவது. சர்வதேச விதிகளின்படி அது 300 மீட்டர் உயரத்துக்குக் குறையாமல் எழ வேண்டும். 30,000 கேண்டெலா ஒளியோடு 40 வினாடியாவது எரிய வேண்டும். வினாடிக்கு 5 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இறங்கக் கூடாது. கைமத்தாப்பு கையில் பிடித்து எரிப்பது. 15,000 கேண்டெலா ஒளியில் ஒரு நிமிஷம் எரிய வேண்டும். அதை எரியும்போதே 10 சென்டிமீட்டர் ஆழ நீரில் பத்து வினாடி அமிழ்த்தினாலும் அணையலாகாது என்று விதித்திருப்பதிலிருந்து, எத்தகைய நிலையிலிருப்பவன் கையில் அது இருக்கும் என்பதை விதி வகுத்தவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள் என்பது விளங்கும். புகைக்குடுக்கை பகலுக்குரியது, நீரில் மிதந்தபடி மூன்று நிமிஷமாவது ஆரஞ்சு நிறப் புகையைக் கக்கும்.

இம்மூன்றின் பயனும் வேறு வேறு. 300 மீட்டர் உயரத்தில் எரியும் ஒளியை, பூமியின் வளைவை மாத்திரம் கணக்கிட்டால், அறுபது கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் காண இடமுண்டு. மேகமும் மூடுபனியும் அத்தொலைவைப் பாதியாகவோ காலாகவோ குறைத்துவிடும். படகில் நிற்பவன் உயர்த்திய கையிலிருந்து எரியும் மத்தாப்போ பத்துக் கிலோமீட்டரைத் தாண்டித் தெரிவது அரிது. ஆகையால், எங்கோ இருக்கும் கப்பலின் கவனத்தை ஈர்க்க வாணம். தேடி வந்துவிட்ட படகுக்கோ ஹெலிகாப்டருக்கோ ‘இதோ இங்கே இருக்கிறேன்’ என்று இடம் சுட்ட மத்தாப்பு அல்லது புகை. ஒரு கப்பலும் கண்ணுக்குப் படாத வேளையில் பயத்தினால் அடுத்தடுத்து எல்லாவற்றையும் எரித்துத் தீர்த்துவிடுகிறவன், இரண்டு மணி நேரம் கழித்து விளக்கொளி ஒன்று தென்படும்போது வெறுங்கையோடு நிற்பான். வாணம் இரண்டு வைத்திருப்பவன் முதலாவதை ஏவியபின் சற்று நேரத்துக்குள் இரண்டாவதை ஏவ வேண்டும் என்று மாலுமிகள் சொல்வதற்கும் காரணம் உண்டு: முதலாவது ஒளியைக் கடைக்கண்ணால் கண்டு ‘ஏதோ ஒன்று’ என்று எண்ணியவன், இரண்டாவதைக் கண்டால்தான் திசை குறித்துக்கொள்வான்.

சிவப்பு நிறத்தைத் தருவது ஸ்ட்ரான்ஷியம் என்ற உலோகத்தின் உப்பு. தீபாவளிக்கு நம் குழந்தைகள் கொளுத்தும் சிவப்பு மத்தாப்புக்கும் நிறம் அதிலிருந்துதான் வருகிறது. சிவகாசியில் ரசாயனம் கலக்கும் தொழிலாளியிடம் கேட்டால் எந்தப் புத்தகமும் இல்லாமல் சொல்லிவிடுவார். அதனோடு வெப்பத்தையும் ஒளியையும் கொடுக்க மக்னீசியத் தூளும், எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தர வேறோர் உப்பும், எல்லாவற்றையும் இறுகப் பிடிக்கப் பிசின் போன்ற ஒரு பொருளும் சேர்கின்றன. இக்கலவைக்கு ஜன்ம விரோதி ஈரம். கடற்காற்றின் ஈரம் மூடியின் இடுக்கு வழியே சிறிது சிறிதாக உள்ளே புகும்போது மக்னீசியம் மெல்ல மக்கி வெண்பொடியாகிறது. அழுத்திக் கெட்டித்த மருந்தில் விரிசல் விழுகிறது. பற்றவைக்கும் பகுதி சோர்ந்துபோகிறது. விரிசல் விழுந்த மருந்து ஒரு நிமிஷம் நிதானமாக எரிய வேண்டியதை ஒரு நொடியில் எரித்துத் தள்ளவும் கூடும்; அது கையில் பிடித்திருக்கும்போது நேர்ந்தால் என்ன ஆகும் என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சாதாரணமாக மூன்று ஆண்டு என்று குழாயின்மேல் அச்சிடும் கெடுவுக்கு இதுதான் ஆதாரம்.

இக்கெடுவைப் பற்றிப் படகுக்காரர்களிடையே ஓயாத முணுமுணுப்பு உண்டு. வாங்கி வைத்து ஒருநாளும் உபயோகிக்காத பொருளை மூன்று ஆண்டுக்கொருமுறை தூக்கி எறிந்து புதிதாக வாங்கச் சொல்வது வியாபாரிகளின் லாபத்துக்கான சூழ்ச்சி என்பார்கள். பத்து ஆண்டுப் பழமையான குழாய் கச்சிதமாக எரிந்ததைக் கண்ணாரக் கண்டதாகச் சாட்சியும் சொல்வார்கள். அச்சாட்சியை நான் பொய்யென்று சொல்லவில்லை. உலர்ந்த இடத்தில் பேணி வைத்தவை கெடு தாண்டியும் எரிவதுண்டு. ஆனால் எரியுமா, எரியாதா என்பதை எரித்துப் பார்த்தன்றி அறிய முடியாத ஒரு பொருளைப் பற்றிய வாதம் இது. பரீட்சை செய்து பார்த்த மறுகணம் அது பயனற்றதாகிவிடும். அரிசியை ஒரு பருக்கை பதம் பார்க்கலாம். இதற்கு அந்த வழி இல்லை. கெடு என்பது, அதுவரைக்கும் எரியும் என்று செய்தவன் ஏற்கும் பொறுப்பின் எல்லை. அவ்வெல்லைக்கு அப்பால் பொறுப்பு முழுவதும் நம் தலையில் வந்து விழுகிறது. புதியவற்றை வாங்கிவிட்டு, போன முறை வாங்கியவற்றில் துருவும் ஈரமும் படாதவற்றை மாத்திரம் மேலதிகமாக வைத்துக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. வாணங்களைப் பொறுத்தவரை அதை நான் குறை சொல்லமாட்டேன். கையில் பிடித்து எரிக்கும் மத்தாப்பில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

ஒளி எரிந்தும் பயனில்லாமல் போனதற்கு உலகமறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் பனிப்பாறையில் மோதிய டைட்டானிக் கப்பலிலிருந்து, ஏறக்குறைய எட்டு வெண்ணிற வாணங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏவினார்கள். அவ்வாணங்கள் குறைவின்றி எழுந்து வெடித்து நட்சத்திரமாகச் சிதறின. சில மைல் தொலைவில் பனிக்கட்டிகளுக்கிடையே இரவுக்காக நின்றிருந்த கலிஃபோர்னியன் என்ற கப்பலின் காவல் அதிகாரிகள் அவற்றைக் கண்டார்கள், தலைவருக்குத் தெரிவித்தார்கள். அவை ஏதேனும் கம்பெனி தன் கப்பலை இன்னதென்று அறிவிக்கும் அடையாளமாக இருக்குமோ என்ற சந்தேகத்திலேயே அந்த இரவு கழிந்தது. கம்பியில்லாத் தந்தியாளர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப யாருக்கும் தோன்றவில்லை. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆபத்துக்கு உரிய வாணம் இன்ன நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்ற நியதி அன்று இல்லை. வாணங்களும் வர்ண விளக்குகளும் வேறு காரியங்களுக்கும் வழங்கின. கப்பல் கம்பெனிகளும் கடற்படைகளும் வர்ண ஒளிகளைச் செய்தி சொல்லும் பாஷையாக ஆண்டதற்கு அப்போதே அரை நூற்றாண்டுச் சரித்திரம் இருந்தது. அமெரிக்காவில் மார்த்தா காஸ்டன் என்ற மாது, மறைந்த தம் கணவரின் குறிப்புகளைக் கொண்டு பல ஆண்டுகள் உழைத்துச் செம்மைப்படுத்திய வர்ண ஒளிகளுக்கு 1859இல் உரிமைச் சாஸனம் கிடைத்திருந்தது. பல காரியங்களுக்கும் பொதுவான ஒரு பாஷையில் ‘காப்பாற்றுங்கள்’ என்ற சொல்லுக்குத் தனி ஒலி இல்லாமற் போனதே அந்த இரவின் துயரம்.

1914இல் தொடங்கிப் பல மாநாடுகளில் உருவான கடல் உயிர்ப்பாதுகாப்பு ஒப்பந்தங்களும், கப்பல்கள் மோதாமல் தடுப்பதற்கான 1972ஆம் ஆண்டு விதிகளும் இக்குழப்பத்துக்கு ஒரு முடிவு கட்டின. ஆபத்து அறிவிப்புகள் இன்னின்னவை என்று அவ்விதிகளின் பின்னிணைப்பு வரிசைப்படுத்துகிறது: சிவப்பு வாணம், சிவப்புக் கைமத்தாப்பு, ஆரஞ்சுப் புகை, நிமிஷத்துக்கொருமுறை பீரங்கி, ஓயாமல் ஒலிக்கும் சங்கு, கப்பலின் தட்டில் எரியும் தார்ப்பீப்பாய், இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக ஏற்றி இறக்குதல் என்று அது போகிறது. வேட்டியையோ சட்டையையோ துடுப்பின் முனையில் கட்டி ஆட்டுகிற நம் பரதவரின் சைகைக்கும் அந்தக் கடைசி விதிக்கும் வெகு தூரமில்லை என்று எனக்குத் தோன்றியது. கருவி ஒன்றுமில்லாதவனுக்கும் ஒரு சொல்லைக் கொடுத்துவைத்தது மனிதத்தன்மை மிக்க காரியம். ஆபத்தில் அன்றி வேறு எதற்கும் இக்குறிகளைப் பிரயோகிக்கக் கூடாது என்ற தடை இந்த ஏற்பாடு முழுவதையும் தாங்கி நிற்கும் தூண். புத்தாண்டு இரவிலோ கல்யாண ஊர்வலத்திலோ காலாவதியான வாணங்களைக் கொளுத்தித் தீர்க்கிறவர்கள் அந்தத் தூணைத்தான் செதுக்கிக் குறைக்கிறார்கள்.

இனி வாங்கும் விஷயம். கொச்சி, தூத்துக்குடி, சென்னை, விசாகப்பட்டினம் போன்ற துறைமுகங்களில் கப்பல் சாமான் வியாபாரிகளிடம் இவை கிடைக்கும். வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியது விலையை அன்று. தயாரித்த மாதத்தையும் காலாவதி மாதத்தையும். மூன்று ஆண்டு ஆயுள் உள்ள பொருளில் ஒன்றரை ஆண்டு கடையின் அலமாரியிலேயே கழிந்திருக்கக் கூடும். மீதமுள்ள ஒன்றரை ஆண்டுக்கு முழு விலை கொடுப்பது நஷ்டம். என் தங்கை மகன் முதலில் போன கடையில் நேர்ந்தது அதுவே. ஒரே பெட்டிக்குள் மூன்று வேறு தேதிகள் இருந்தன; கேட்டதற்கு, எல்லாம் ஒன்றுதான் என்று பதில் வந்தது. வேறு கடையில் ஒரே தொகுதியைச் சேர்ந்த சரக்கு கிடைக்க மேலும் இரண்டு வாரம் காத்திருந்தான். அடுத்தபடி பார்க்க வேண்டியது அங்கீகார முத்திரை, குழாயின் முத்திரை கலையாத நிலை, படத்தோடு கூடிய உபயோகக் குறிப்பு ஆகியவை. கடைசியாகச் சொன்னதை அற்பமாக எண்ணலாகாது. ஒன்றில் கயிற்றை இழுக்க வேண்டும். மற்றொன்றில் மூடியைத் திருகி அடியைத் தட்ட வேண்டும். வேறொன்றில் தலையைத் தீக்குச்சிபோல் உரச வேண்டும். நடுக்கடலில் இருட்டில் நனைந்த விரல்களோடு எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாது. ஆகையால் ஒரே வகையாக வாங்கி, வாங்கிய அன்றே பகல் வெளிச்சத்தில் எல்லாக் குறிப்புகளையும் வாசித்து, எரிக்காமலே கையசைவை மாத்திரம் பலமுறை பழகிக்கொள்ள வேண்டும்.

எத்தனை வாங்குவது? பெருங்கப்பல் தன் கப்பலோட்டும் மேடையருகே பன்னிரண்டு வாணம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதன் உயிர்காப்புப் படகு ஒவ்வொன்றிலும் நான்கு வாணம், ஆறு கைமத்தாப்பு, இரண்டு புகைக்குடுக்கை. கரையைக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வைத்து ஓடும் சிறு பாய்ப்படகுக்கு இரண்டு வாணமும் நான்கு மத்தாப்பும் இரண்டு புகையும் போதுமானவை என்பது என் அபிப்பிராயம். காயலுக்குள்ளேயே சுற்றிவருகிறவனுக்கு வாணமே அவசியமில்லை. நாற்புறமும் வீடும் தோணியுமாக இருக்கும் இடத்தில் மத்தாப்பும் புகையும் கேட்கும் குரலுமே போதும். வாங்கியவற்றை ஈரம் புகாத டப்பாவில், எஞ்சின் சூடு படாத இடத்தில், பாய்க்கயிறுகளுக்கும் மளிகைப் பைகளுக்கும் அடியில் புதையாமல், இருட்டில் கை நீட்டினால் எட்டும்படி வைக்க வேண்டும். ஒரு ஜோடித் தடித்த கையுறையையும் அந்த டப்பாவிலேயே போட்டுவைப்பது நல்லது.

கையுறை எதற்கென்பது, கரையோரப் பயிற்சி ஒன்றில் கைமத்தாப்பு எரித்துக் காட்டியபோது எனக்கு விளங்கியது. அடியைத் தட்டியதும் ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு சீறலோடு கிளம்பிய சிவப்பு, கண்ணை மூடிய பிறகும் இமைக்குள் நின்றது. எரியும் முனையிலிருந்து உருகிய கட்டிகள் சொட்டுச் சொட்டாக விழுந்தன. ஈர மணலில் விழுந்த பின்னும் அவை சிறிது நேரம் கனன்றன. ரப்பர் மிதவையின்மேல் அப்படி ஒரு சொட்டு விழுந்தால் உயிர்காக்க வந்ததே ஓட்டை போட்டுவிடும். ஆகையால்தான் காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாக, படகின் விளிம்புக்கு வெளியே கையை நீட்டி, சற்றுச் சாய்த்துப் பிடித்து, முகத்தை மறுபுறம் திருப்பிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள்.

ஒரு நடைமுறைச் சங்கடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இவை வெடிமருந்துப் பொருள்கள். 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் ஆட்சிக்கு உட்பட்ட ஜாதியைச் சேர்ந்தவற்றைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறுவதோ விமானமேறுவதோ ஆகாது. ரயிலில் அபாயப் பொருள் கொண்டுசெல்வது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி தண்டனைக்குரியது. பாலக்காட்டிலிருந்தோ இடுக்கியிலிருந்தோ படகுக்காகக் கொச்சி செல்கிறவன் அதை அங்கேயே வாங்கி அங்கேயே படகில் வைத்துவிட வேண்டும். நினைவுப் பொருள்போல வீட்டுக்குக் கொண்டுவரும் ஆசை கூடாது.

ஒளியின் எல்லை எது என்பதை அண்மைக் காலத்து இரண்டு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் எழுந்த ஒக்கிப் புயலில், குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய கிராமங்களைச் சேர்ந்த ஆழ்கடல் மீனவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. கரையை விட்டுப் பல நாள் ஓட்டத் தொலைவில் இருந்தவர்களுக்குப் புயல் எச்சரிக்கை எட்டவில்லை. அவர்கள் குரலும் கரைக்கு எட்டவில்லை. படகிலுள்ள சாதாரண ஒலிபரப்புக் கருவியின் வீச்சு சில பத்து மைல்களோடு நின்றுவிடும். அத்தகைய தொலைவில், புயலின் மேகமும் மழையும் கவிந்த இரவில், முப்பது வாணம் ஏவினாலும் காண்பதற்குக் கண் வேண்டுமே! இஸ்ரோ நிறுவனம் உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதலே இருந்துவருகிறது. பொத்தானை அழுத்தினால் படகின் இடமும் ஆபத்தின் தன்மையும் செயற்கைக்கோள் வழியே சென்னையிலுள்ள கரைக்காவல் படையின் மீட்பு மையத்துக்குப் போய்ச் சேரும். உங்கள் செய்தி கிடைத்தது, உதவி வருகிறது என்று கடலில் தவிப்பவனுக்கு மறுமொழி வரும்படியான இரண்டாம் தலைமுறைக் கருவி 2024இல் வந்தது. அந்த மறுமொழியைப் பெரிய விஷயமாக நான் கருதுகிறேன். வாணம் ஏவியவன் ஒருபோதும் பெறாதது அது. கண்டார்களோ இல்லையோ என்று இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் கொடிய தண்டனை கடலில் வேறில்லை.

மற்றொன்று அபிலாஷ் டோமி என்ற கேரளத்து மாலுமியின் கதை. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் பம்பாயில் கட்டிய ‘சுஹைலி’ என்ற பாய்ப்படகில் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிவந்து 1969இல் கரையேறினார். அப்படகின் சாயலில் கோவாவில் கட்டிய ‘துரியா’வில், 2018ஆம் ஆண்டு கோல்டன் குளோப் பந்தயத்தில் அபிலாஷ் டோமி சென்றுகொண்டிருந்தார். செப்டம்பர் 21ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு ஏறத்தாழ 1,900 கடல்மைல் மேற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிப் புயலில் படகு புரண்டது, பாய்மரம் முறிந்தது, அவருக்கு முதுகெலும்பில் காயம் ஏற்பட்டு எழுந்திருக்க முடியாமற் போயிற்று. அந்த இடத்தில் காண்பதற்குக் கப்பலும் இல்லை, ஏவுவதற்கு அவரால் தளத்துக்கு ஏறவும் இயலாது. செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் அபாயக் கருவிதான் அவர் இருக்கும் இடத்தை உலகுக்குச் சொல்லியது. இந்தியக் கடற்படையின் விமானம் தேடிக் கண்டுபிடிக்க, 24ஆம் தேதி பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பலாகிய ‘ஒஸிரிஸ்’ அவரை எடுத்துக்கொண்டது. மூன்று நாள் அவர் படுத்த நிலையிலேயே இருந்தார் என்பதைப் படிக்கும்போதெல்லாம், ஆபத்துக் கருவி படுத்திருப்பவன் கைக்கும் எட்டவேண்டும் என்ற எண்ணமே எனக்கு முதலில் வருகிறது.

இதிலிருந்து மத்தாப்புக்கும் வாணத்துக்கும் காலம் முடிந்துவிட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அமெரிக்கக் கரைக்காவல் படை, தக்க தரமுள்ள மின்விளக்கை இரவுக்குரிய ஆபத்துக் குறியாக ஏற்கிறது. எரியாது, சொட்டாது, மணிக்கணக்கில் மின்னும், மின்கலத்தை மாற்றினால் போதும் என்பது அதன் சாதகம். நான் அவர்களோடு பாதி வழி வரை போவேன். அழைப்பது செயற்கைக்கோள்வழி மின்கருவியின் வேலை. வந்தவர்க்கு வழிகாட்டுவது ஒளியின் வேலை. அலைகளின் மடிப்புக்குள் கிடக்கும் ஒரு மனிதத் தலையை ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்து காண்பது தேடுகிறவனுக்கு எவ்வளவு கடினம் என்பதைக் கடலில் தேடியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டருக்குக் கையில் எரியும் சிவப்புக்கு நிகரான ஒன்றை நான் இன்னும் அறியவில்லை. மின்கருவிக்கும் காலாவதி உண்டு என்பதை மறக்கலாகாது: மின்கலத்துக்கு ஒரு தேதி, மூழ்கும் படகிலிருந்து அதைத் தானே விடுவிக்கும் சாதனத்துக்கு இரண்டு ஆண்டுக் கெடு, உரிமையாளர் பெயரில் பதிவு. படகு கைமாறும்போது பழையவர் பெயரிலேயே பதிவு நின்றுபோனால், கரையிலுள்ளவர்கள் வேறொருவர் வீட்டுக்குத் தொலைபேசி செய்துகொண்டிருப்பார்கள்.

இப்போது எங்கள் மலைக்கு வருகிறேன். 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி மாலை, தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். மாண்டவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் தட்டேக்காட்டில் பெரியாற்றில் பள்ளிப் பிள்ளைகள் பதினைந்து பேரும் ஆசிரியர் மூவரும். 2002இல் குமரகத்தில் 29 பேர். 2023இல் தானூரில் 22 பேர். நூறாண்டுக்கு முன் 1924இல் பல்லனையாற்றில் கவிஞர் குமாரன் ஆசானைக் கொண்டுபோன ‘ரிடீமர்’ படகு. இவற்றுள் எதையும் மத்தாப்பு தடுத்திராது. கொள்ளளவுக்கு மேல் ஏற்றிய பாரமும், ஸ்திரமற்ற அமைப்பும், அணியாத மிதவைச் சட்டையும் படகைச் சில நொடிகளில் கவிழ்த்துவிட்டன. ஒளி காட்ட நேரமும் இல்லை, கையும் இல்லை. ஆபத்துக் குறியைப் பற்றி எழுதுகிறவன் இதைச் சொல்லாமல் விட்டால், தாலியைக் காக்கும் மருந்தென்று தாயத்து விற்கிறவனுக்குச் சமானமாவான்.

அப்படியானால் மலையேரிகளில் குறிகளே வேண்டாமா? வேண்டும், ஆனால் கடலின் குறிகளை அப்படியே தூக்கிவந்து வைப்பது ஆபத்து. எங்கள் ஏரி கடல்போல் விரிந்ததன்று. கைவிரல்களைப் போல மலை இடுக்குகளுக்குள் நீண்டது. ஒரு விரலில் எரியும் ஒளி அடுத்த விரலில் உள்ளவனுக்குத் தெரியாது. கோடையில் கரையெங்கும் புல் காய்ந்து நிற்கும். குடை விரித்து இறங்கும் வாணம் காற்றில் சாய்ந்து அப்புல்லில் விழுந்தால், 2018ஆம் ஆண்டு மார்ச்சில் தேனி எல்லையிலுள்ள குரங்கணி மலையில் நேர்ந்தது மறுபடியும் நேரலாம். மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் காட்டுத்தீ கொண்டுபோன அந்த நாளை இடுக்கியும் தேனியும் மறக்கவில்லை. மேலும், மறையூரிலும் மூணாறிலும் வாளையாறிலும் இரவில் வெடிச் சத்தமும் வெளிச்சமும் எழுந்தால், யாரோ யானையை விரட்டுகிறார்கள் என்றே ஊரார் புரண்டு படுப்பார்கள். மீனமாதத்தில் நென்மாற வல்லங்கி வேலா திருவிழாவின் வாணவேடிக்கையில் நெல்லியாம்பதி அடிவாரத்து வானமே சிவந்து நிற்கும்போது, அருகிலுள்ள நீர்த்தேக்கத்தில் ஒருவன் சிவப்பு ஒளி காட்டினால் அதைத் தனியாகப் பிரித்தறிவது யார்? கலிஃபோர்னியன் கப்பலின் தளத்தில் நின்ற அதிகாரிகளின் சந்தேகம் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் வரும்.

ஆகையால் மலம்புழை, பறம்பிக்குளம், மாட்டுப்பட்டி, தேக்கடி போன்ற இடங்களில் சிறு படகுக்கும் மூங்கில் தெப்பத்துக்கும் உகந்தவை ஊதலும், நீர் புகாத கைவிளக்கும், வெயிலைத் திருப்பிக் காட்டும் சிறு கண்ணாடியும், ஆரஞ்சுத் துணியும், வனக்காவலர் கையிலுள்ள ஒலிபரப்புக் கருவியுமே. இவற்றைவிட முக்கியமானது துறையில் வைத்திருக்கும் நோட்டு: இன்ன தெப்பம், இத்தனை பேர், இன்ன மணிக்குப் போனது, இன்ன மணிக்குத் திரும்ப வேண்டும். காட்டுக்குள் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது. திரும்பாத தெப்பத்துக்காகக் கரையில் ஒருவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே அங்கே உண்மையான ஆபத்து வாணம். ஏரியில் தெப்பம் விட்டு மீன் பிடிக்கும் மன்னான், பளியர் குடியினரை எனக்கு நெடுநாளாகத் தெரியும். அவர்கள் வீட்டுப் பெண்கள் அந்தி மயங்கியும் ஆள் வராவிட்டால் கரைக்கு வந்து கூவிப் பார்ப்பார்கள்.

மீதமிருப்பது அந்த ஆறு பழைய குழாய்கள். கடலில் எறிந்தால் நச்சு. குப்பையில் போட்டால் குப்பை வண்டிக்காரருக்கு ஆபத்து. கொளுத்தினால் பொய் அழைப்பு. புதியதை விற்ற கடைக்காரர் திரும்பப் பெற மறுத்துவிட்டார். விற்கிறவர்களே பழையதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று விதியிருந்தால், அல்லது துறைமுகந்தோறும் ஆண்டில் ஒரு நாள் அவற்றைச் சேகரித்துத் தக்கவர்களைக் கொண்டு அழிக்க ஏற்பாடு செய்தால், காலாவதியானவற்றைப் படகிலேயே விட்டுவைக்கும் பழக்கம் பாதி ஒழியும். தூக்கிப்போட வழியில்லாததனாலேயே பலரும் புதியதை வாங்காமல் தள்ளிப்போடுகிறார்கள் என்பது என் நம்பிக்கை. கடைசியில் உயிர்காப்பு மிதவைகளைப் பழுது பார்க்கும் நிலையம் ஒன்றில், தங்கள் சரக்கோடு சேர்த்து அழிக்க அனுப்புவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு குழாயாக மணல் பரப்பிய பெட்டியில் படுக்கவைத்து, தேதியைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

புதிய டப்பாவின் மூடியில், காலாவதி மாதத்தை வெள்ளைப் பெயின்டால் எழுதியிருக்கிறான் என் தங்கை மகன். அதன்கீழே கரைக்காவல் படையின் 1554 என்ற எண்ணும், அதற்கடுத்து என் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. படகெடுக்கும் நாளில் விடியற்காலையில் கூப்பிடுகிறான்: “மாமா, ஆறரைக்குப் புறப்படறேன். ரெண்டு பேர். அஞ்சு மணிக்குத் துறைக்கு வந்துடுவேன்.” நான் நாட்காட்டியின் அன்றைய தாளில் நேரத்தையும் ஆள் கணக்கையும் குறித்துக்கொள்கிறேன். அன்று மாலை நாலரை மணியிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடுவதில்லை.